பாஸ்டரம்மாவின் சாட்சி

லிபெர்த்தா வீதியில் நான் வீட்டுவேலை செய்து பார்த்துக்கொண்டிருந்த சின்யோரா, அந்த வீட்டு அம்மா, அமெரிக்காவில் பிறந்தவர். இளவயதில் ஓவியம் படிக்க என்று இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, இங்கேயே ஒரு பல் வைத்தியரைக் கட்டி, அவரையும் அடக்கம் செய்துவிட்டு, மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இத்தாலியன் பேசியும் அவருடைய நாக்கு அமெரிக்க நாக்காகவே இருந்தது. என்னுடையது யாழ்ப்பாணத்து நாக்கு. நாங்கள் இருவரும் பேசுகிற இத்தாலியன் கீழே வாசலில் இருக்கிற காவலாளிக்கு விளங்காது. எங்களுக்கு நன்றாக விளங்கும்.

நல்ல மனுஷி என்று சொல்லமாட்டேன். கோப்பி ஆறிவிட்டால் முகத்தைச் சுளிப்பார். நான் துடைத்த மேசையை விரலால் தடவிப் பார்ப்பார். ஆனால் பொய்யாகச் சிரிக்கத் தெரியாதவர். ஞாயிறு முழுவதும் எல்லோருக்கும் சிரித்துக் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை அந்த வீட்டுப் படியேறும்போது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

ஒரு மாசி மாதம் அமெரிக்காவிலிருந்து அவருடைய தமையனின் மகள் அழைத்தாள். கோடையில் குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் கூடப்போகிறதாம். சின்யோராவின் பூட்டன் ஒரு போதகர். ரோட்டும் பாலமும் இல்லாத காலத்தில் குதிரையில் மேற்கே போய், சனங்கள் குடியேறிய இடமெல்லாம் போய்ப் பிரசங்கம் செய்தவர். அவருடைய கதையை, அந்தப் போதகரின் மகளான தன் அம்மம்மாவின் வாயால் கேட்டவர்களில் சின்யோரா ஒருவர்தான் மிச்சம். அவர் சொல்லிப் பதிந்து அனுப்பினால் குடும்ப வரலாறாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றாள்.

அப்படித்தான் என்னுடைய வேலைகளோடு ஒரு புது வேலை சேர்ந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் சின்யோரா யன்னலோரக் கதிரையில் உட்காருவார். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அதிலுள்ள சிவப்புப் பொட்டை அழுத்த வேண்டும். முதல் நாள் அவர் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் நாலு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினார். இந்தத் தட்டைச் சாமானுக்குக் கதை சொல்ல முடியாது, ஒரு முகம் வேண்டும் என்றார். அதனால் முதலில் எனக்கு இத்தாலியனில் சொல்வது, பிறகு அதையே கைபேசிக்கு ஆங்கிலத்தில் சொல்வது என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் கேட்டேன். என்னுடைய சொந்தப் பூட்டனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்த அமெரிக்கப் பூட்டனுக்கு எந்தச் சாப்பாடு செமிக்காது என்பதுவரை தெரியும்.

அவர் கிழக்கே ஒரு கமக்காரனின் மகன். மரத்தடிக் கூட்டம் ஒன்றில் பிரசங்கம் கேட்டு, பாதி உழுத நிலத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியவர். குதிரையின் இரண்டு பக்கமும் தோல்பை தொங்கும். ஆறு குறுக்கிட்டால் புத்தகங்களைத் தலையில் கட்டிக்கொண்டு குதிரையோடு நீந்துவார். மாட்டுக்கொட்டிலிலும் பிரசங்கிப்பார், சாராயக் கடையிலும் பிரசங்கிப்பார். ஒருமுறை கேட்க ஒருவரும் வராததால் குதிரையை நிறுத்திவைத்து அதற்கே முழுப் பிரசங்கத்தையும் செய்தாராம். சின்யோரா அந்த இடத்தில் மட்டும் சிரித்தார். ஓரிடத்தில் ஆட்கள் சேர்ந்து, பலகையால் ஒரு கோயில் எழும்பி, வீட்டுக்குள் புகைவது நின்று அடுப்பு ஒழுங்காக எரியத் தொடங்கும்போது அவருக்கு அழைப்பு வரும். இன்னும் மேற்கே போ என்று. மறுபடியும் மாட்டுவண்டியில் சாமான் ஏறும். மரமே இல்லாத வெளிகளில் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும்.

"அவருடைய மனைவி யாருடைய மகள்?" என்று கேட்டேன்.

அது எங்கள் ஆட்களின் வியாதி. ஒரு கதைக்குள் ஒருவர் வந்தால் அவர் யாருடைய பிள்ளை, எந்த ஊர், யார் வீட்டில் சம்பந்தம் செய்தவர் என்று தெரியாமல் எங்களால் மேற்கொண்டு கேட்க முடியாது. எங்களுடைய மரண அறிவித்தல்களைப் பார்த்தால் தெரியும். செத்தவர் ஒரு வரியில் செத்துவிடுவார். மிச்சமெல்லாம் மருமக்களும் சம்பந்திகளும் மைத்துனர்மாரும்தான்.

சின்யோராவுக்குத் தெரியவில்லை. எந்த ஊர் என்றும் தெரியவில்லை. கூடப்பிறந்தவர்கள் இருந்தார்களா என்றும் தெரியவில்லை. கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போது பிள்ளைப்பேறு என்றால் யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இது பூட்டனுடைய வரலாறு, பூட்டியுடையது அல்ல என்றார். சரி என்று சிவப்புப் பொட்டை அழுத்தினேன்.

ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகு கோபம் தணிந்திருந்தது. "உன் ரெவெரெந்தோவும் இப்படித்தானா?" என்று கேட்டார். என் கணவரை அவர் அப்படித்தான் சொல்வார், கொஞ்சம் நக்கலாக.

"அவருக்குக் குதிரை இல்லை," என்றேன். "பஸ்தான்."

என் கணவர் ஒரு போதகர். பலெர்மோவில் இந்த ஊழியத்தைத் தமிழில் தொடக்கிய முதல் ஆள் தான்தான் என்று அவர் சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்வார்கள், அவர் மறுப்பதில்லை. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கு இங்கே ஏற்கெனவே கோயில் இருந்தது. சைவர்கள் வீட்டில் சாமியறை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி இந்த ஊர்ப் புனிதையையும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். எங்களைப் போலக் கைதட்டிப் பாடுகிற கூட்டம்தான் இருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே சைவக் குடும்பத்தில் பிறந்தவர்கள். வந்த புதிதில் அவர் மாடிப்படி கழுவும்போது விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர் அவருக்காக ஜெபித்தார். எழும்பி வந்தபோது வேறு மனுஷனாக வந்தார். நானும் அவருக்குப் பின்னால் போனேன். அந்தக் காலத்தில் அவர் எதற்குப் போனாலும் நான் பின்னால் போவேன்.

முதலில் லிபெர்த்தாவில் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்தோம். எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வந்தது. இரண்டு மூன்று பேர் அந்த அறைக்குள் கூடி மெல்லிய குரலில் பாடினார்கள். மெல்லிய குரல் என் கணவருக்கு ஒத்துவராது. சத்தமாகப் பாட ஓர் இடம் வேண்டும் என்று அழைப்பு வந்தது. சந்தைப் பகுதியான போர்கோ வெக்கியோவில் முன்பு மோட்டார்சைக்கிள் திருத்துகிற இடமாக இருந்த ஓர் அறையை எடுத்து, அதற்கு மேலேயே குடிபோனோம். கீழே சபை, மேலே நாங்கள். அந்தத் தரையிலிருந்த எண்ணெய்க் கறையை நான் தேய்த்த தேய்ப்பு எனக்குத்தான் தெரியும். சந்தைக்காரர்களோடு பழகி, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மூச்சு விடலாம் என்று நினைத்தபோது பக்கத்து ஊரான பகேரியாவுக்கு அழைப்பு வந்தது. அங்கே போய், விடியப் புறப்படும் ரயிலில் பலெர்மோவுக்கு வேலைக்கு வந்து போனேன். பகேரியாவில் சபை நிலைத்ததும் அதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பவும் போர்கோ வெக்கியோவுக்கு வா என்று அழைப்பு வந்தது. மோட்டார்சைக்கிள் திருத்துகிற பழைய இடம் இப்போதும் சபையாகவே இருந்தது, எண்ணெய்க் கறையும் அப்படியே இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. போதகருக்கு அழைப்பு வந்தால் அதை ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார். உடனே அவருடைய மனைவி எழுந்து, தானும் தனியாக ஜெபித்ததாகவும், தனக்கும் கர்த்தர் அதே வார்த்தையைத் தந்ததாகவும் சாட்சி சொல்ல வேண்டும். இருவருக்கும் தனித்தனியே ஒன்றே வந்தால் அது மனுஷ யோசனை அல்ல, மேலேயிருந்து வந்தது என்று சபை ஏற்றுக்கொள்ளும். அதற்கு முன்பு புருஷனும் பெண்சாதியும் அதைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கக்கூடாது. கதைத்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னதாகிவிடும். இடத்தை மட்டும் சொல்லி, ஜெபி என்று சொல்லலாம், அவ்வளவுதான். நல்ல ஏற்பாடு, மனைவிக்கு உண்மையிலேயே ஏதாவது வந்தால்.

எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஜெபிக்காமல் இருந்தேன் என்றில்லை. முழங்காலில் நின்று கண்ணை மூடினால், எந்தப் பெட்டிக்குள் எந்தச் சட்டி போகும் என்பதுதான் வரும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து, எனக்கும் அதே வார்த்தை வந்தது என்று சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது நினைக்கவில்லை. யாராவது சுகமோ என்று கேட்டால் ஓம் சுகம் என்று சொல்வோமே, அந்த மாதிரி. கேட்கிற காது அவருக்கு, கட்டுகிற கை எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்யோரா பூட்டனின் கதையைப் பாதிவரை பதிந்திருந்த ஒரு நாள், நான் எங்கள் வீட்டுக் குசினியில் மத்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் வந்து கதவடியில் நின்றார். அவர் கதவடியில் நின்றால் எங்கேயோ அழைப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"இஞ்சை பாரும்," என்றார். "வடக்கை, மிலானோவுக்கும் அங்காலை ஒரு ஊர். அஞ்சாறு தமிழ்க் குடும்பம் மேய்ப்பன் இல்லாமல் கிடக்குது. வாசல் திறக்குது போலை கிடக்கு. நான் வேறை ஒண்டும் சொல்லேல்லை. நீர் ஜெபியும். வாற மாதக் கடைசி ஞாயிறு சபையிலை சொல்லுவம்."

"எனக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும்," என்றேன்.

கையை உயர்த்தித் தடுத்தார். "கதைக்கக் கூடாது எண்டு உமக்குத் தெரியும்தானே. அவரோடை கதையும்."

அவர் கெட்டவர் அல்ல. அதை எழுதாவிட்டால் எனக்கு நிம்மதியிராது. காலையில் மூன்று வீடுகளின் மாடிப்படி கழுவுவார். பிறகு யாராவது ஒருவரின் பெர்மெஸ்ஸோவுக்காக, அதாவது வதிவிட அனுமதிக்காக, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் வரிசையில் நிற்பார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவார், சைவர், கத்தோலிக்கர் என்று பார்க்கமாட்டார். ஒரு குறை சொல்வதென்றால், அழைப்பு வந்த மனுஷனோடு கூட இருக்கிறவர்களுக்கும் முழங்கால் நோகும் என்பது அவருக்குத் தோன்றாது.

இந்த முறை எனக்குப் போக மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதுகூடச் சரியில்லை, எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். மகள் இந்த ஊரில் தாதியாக வேலை செய்கிறாள். சந்தையில் மீன்காரன் என் முகத்தைக் கண்டதும் தலையை வெட்டாமல் எடுத்துவைப்பான், குழம்புக்குத் தலை வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கு இது சின்ன விஷயம். எனக்கு அது இத்தனை வருஷம் பாடுபட்டுக் கிடைத்தது. குளிர் ஊரில், தெரியாத சின்யோராவின் மணியை அடித்து, வேலை இருக்கிறதா என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சபைக்கு நடுவில் அவருடைய வார்த்தை விழுந்துவிடும். ஒன்று, அவருக்கு வந்தது அழைப்பு அல்ல என்பார்கள். அல்லது பெண்சாதியையே அடக்கத் தெரியாதவர் எங்களை எப்படி மேய்ப்பார் என்பார்கள். அவரிடம் வீடு வாசல் ஒன்றும் கிடையாது. அந்தச் சொல்தான் அவரிடம் இருந்தது. அதை நான் எல்லோருக்கும் முன்னால் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பெட்டி கட்ட வேண்டும்.

மகளிடம் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள். "மா பெர்கே, ஏன் அம்மா? நோ எண்டு சொல்லுங்கோவன்," என்றாள், கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல். அவளுடைய வாயில் அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

லிபெர்த்தாவில் பதிவு தொடர்ந்தது. ஒரு நாள் மத்தியானம் சின்யோரா எனக்குச் சொல்லத் தொடங்க முன்பே, "நீ கேட்டாயே, பூட்டியைப் பற்றி," என்றார். அதையே யோசித்துக்கொண்டு இரவு படுத்தாராம். பெயரைத் தவிர ஒன்றும் நினைவு வரவில்லை. ஆனால் அம்மம்மா சின்ன வயதில் கண்ட ஒன்றைச் சொன்னது நினைவு வந்ததாம். ஒவ்வொரு வீட்டையும் விட்டுப் போகும்போது வண்டியில் எல்லாம் ஏற்றி, பிள்ளைகளும் ஏறி, மாடுகளைப் பூட்டிய பிறகு, பூட்டி ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போவாராம். வெறும் மண்தரையைக் கூட்டுவாராம். அடுத்து வருகிறவர்கள் நாங்கள் குப்பையாக இருந்தோம் என்று நினைக்கக்கூடாதாம். பூட்டன் வண்டியில் இருந்து சத்தம் போடுவார். பூட்டி கூட்டி முடித்துத்தான் வருவார்.

"கடைசி முறை கூட்டவில்லை," என்றார் சின்யோரா.

"ஏன்?"

"அம்மம்மா வண்டிக்கு மேலே இருந்து பார்த்தாராம். துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. பூட்டி கட்டில் சட்டத்தில் உட்கார்ந்திருந்தார். மெத்தை வண்டியில் இருந்தது, சட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக வரவில்லை. பிறகு பூட்டன் உள்ளே போனார். பிறகு வெளியே வந்து மாடுகளை அவிழ்த்தார்."

அவர்கள் அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. அந்த ஊரிலேயே பூட்டன் கல்லால் கோயில் கட்டினார், அந்த ஊரிலேயே இரண்டு பேரும் அடக்கமானார்கள். கோயிலுக்கு முன்னால் இப்போதும் ஒரு கல் நிற்கிறதாம். கர்த்தர் தம்முடைய ஊழியக்காரனை இந்த இடத்தில் நிற்கச் சொன்னார் என்ற கருத்தில் அதில் வெட்டியிருக்கிறதாம். சின்யோரா சின்ன வயதில் அந்தக் கல்லோடு நின்று படமெடுத்திருக்கிறார். 

"ஒருவேளை பூட்டிக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம்," என்றார்.

"இருக்கலாம்," என்றேன்.

கைபேசிக்கு அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. துடைப்பம் வந்தது தெரிந்தது. பிறகு, கோடையில் அச்சடித்து வந்த புத்தகத்தில் அந்தப் பகுதி இல்லை. குதிரைக்குப் பிரசங்கித்தது இருந்தது. சின்யோரா தமையன் மகளோடு அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோப்பி கேட்டார்.

அந்தப் பூட்டியைக் கண்டுதான் எனக்குத் தைரியம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. வெட்டவெளியில், சொந்தப் பிள்ளைகளைத் தவிரப் பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், பேசாமல் உட்கார்ந்துவிட்டால் போதும். நான் எழுந்து நின்று, அறுபது எழுபது தமிழர்களுக்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த ஞாயிறு தெற்கிலிருந்து சூடான காற்று வீசியது. தூசி உள்ளே வராமல் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி போட்ட பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். பின்னால் மேசையில் தேநீரும் ரோல்ஸும் மூடியிருந்தன. பாட்டு முடிந்தது. என் கணவர் எழுந்து அறிவித்தார். நன்றாகத்தான் பேசினார். இந்த ஊரில் நட்டவரே பிடுங்கி வேறு இடத்தில் நடப்போகிறார் என்று சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சத்தம் எழுந்து அடங்கியது.

"பாஸ்டரம்மா இப்ப தன்ரை சாட்சியைச் சொல்லுவா," என்றார்.

எழுந்தேன். சொல்ல வேண்டிய வசனம் வாய்க்குப் பாடம். விட்டால் தானாக வந்துவிடும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். நான் சாட்சி சொல்லும்போது எப்போதும் அப்படித்தான் நிற்பார். அது பக்தி என்று நினைத்திருந்தேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றேன். "பாஸ்டர் சொன்ன பிறகு நானும் ஜெபிச்சனான். எனக்கு ஒரு வார்த்தையும் வரேல்லை. எனக்கு இஞ்சை இருக்கத்தான் விருப்பம்."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் ஆமென் என்றார். அதற்குப் பிறகுதான் நான் சொன்னது எல்லோருக்கும் உறைத்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். கீபோர்ட் வாசிக்கிறவர் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பாட்டைத் தொடங்கி, ஒருவரும் சேர்ந்து பாடாததால் நிறுத்தினார். என் கணவர் மிகவும் சின்னதாக ஒரு ஜெபம் செய்து ஆராதனையை முடித்தார். தேநீர் குடிக்கும்போது எனக்குப் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. ஒரு பெண் மட்டும் வந்து, "அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று காதுக்குள் கேட்டாள்.

நாங்கள் வடக்கே போகவில்லை. அங்கே வேறு ஒருவர் போனார். இங்கே இரண்டு மூன்று குடும்பங்கள் எங்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டன. மற்றவர்கள் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அன்று மத்தியானம் வீட்டில் நடந்தது.

படியேறி வந்ததும் அவர் குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. நான் சோற்றுப் பானையை இறக்கி வைத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் சொல்ல வேண்டியதையெல்லாம் வரும் வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். எண்ணெய்க் கறை, விடியற்கால ரயில், முழங்கால், எல்லாம் வரிசையாக இருந்தன.

"முந்தியும் வரேல்லையோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் அடுக்கியிருக்கவில்லை. "இல்லை," என்றேன்.

"பகேரியாவுக்குப் போகேக்கை?"

"இல்லை."

"முதல் முதல், அந்தப் பெரிய வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை?"

"அப்பவும் இல்லை."

தலையை ஆட்டினார். கணக்குச் சரிபார்த்தவர் போல அல்ல. காது சரியாகக் கேட்காதவர் ஆட்டுவது போல. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு எப்பவும் அரைகுறையாத்தான் வாறது. ஒரு நினைப்பு வரும். ஒரு கனவு வரும். ஆரும் போன் எடுத்து, வாங்கோ பாஸ்டர் எண்டு கேப்பினம். அது கர்த்தரோ, இல்லாட்டி என்ரை ஆசையோ எண்டு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. நீர் எழும்பிச் சொல்லுற மட்டும் மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். நீர் ஓம் எண்டு சொன்ன பிறகுதான், சரி, இது அவர்தான் எண்டு நான் நம்பினனான். ஒவ்வொரு முறையும்."

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. ஆனால் யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவருக்குப் பின்னால் போகிறேன் என்று நினைத்து அத்தனை பெட்டிகளையும் கட்டியிருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், என் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரே கட்டிலில் படுத்து, இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று இரண்டு பேரும் எவ்வளவு பக்தியாக இருந்திருக்கிறோம். கோபம் வந்த வேகத்திலேயே போய், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோட்டோடு வியர்த்துக்கொண்டு இருந்தார். கோட்டைக் கழற்றுங்கோ என்றேன். அவர் கழற்றவில்லை.

"அப்ப எங்களை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது ஆர்?" என்றார்.

கர்த்தரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டேன். பிரசங்கத்தில் அப்படிக் கேள்வி கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்வது வழக்கம். வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தது அன்றுதான். அவருக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.